கோலி சோடாவும் சமுத்திரமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கொஞ்சம் பலமான சாப்பாடு. அண்ணனுக்குப் பிறந்த நாள். பருப்பு உருண்டைக் குழம்பு, வாழைக்காய் வறுவல், சேமியா பாயசம் என்று அண்ணி அமர்க்களப்படுத்தியிருந்தார். "இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று அவர் பரிமாறியதன் பலனாக, சாப்பாடு முடிந்ததும் தெருமுனைக் கடைக்குப் போய் நான்கு கோலி சோடா வாங்கி வர வேண்டியதாயிற்று.

சோடா உடைப்பது ஒரு தனிக் கலை அல்லவா? கட்டை விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். கோலி உள்ளே இறங்கியது. 'கிய்ங்' என்று ஒரு சத்தம். அதுவரை பச்சைத் தண்ணீர் மாதிரி சாதுவாக இருந்த சோடா, அடி முதல் கழுத்து வரை குமிழியாய்ப் பொங்கி, என் சட்டையில் பாதியை நனைத்தது.

"சித்தப்பா, இந்தக் குமிழியெல்லாம் இத்தனை நேரம் எங்கே இருந்தது?" என்று கேட்டாள் அண்ணன் மகள். ஏழாவது வகுப்பு. கேள்வி கேட்பதில் வக்கீல்.

"தண்ணீருக்குள்ளேயேதான் கரைந்திருந்தது. கோலி மூடியிருந்தவரை உள்ளே அமுக்கம் அதிகம். கோலி இறங்கியதும் அமுக்கம் குறைந்தது. 'விட்டது தொல்லை' என்று வாயு வெளியே கிளம்பிவிட்டது" என்றேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தினார். அண்ணி கல்லூரியில் பௌதிகம் படித்தவர். இத்தனை வருஷங்களாக அந்தப் பாடத்தைப் பிரஷர் குக்கருக்கு நடத்தி வருகிறார்.

"ஏன் தம்பி, கடலுக்கு அடியிலேயும் இப்படிக் குமிழி குமிழியாக வாயு வருகிறது, அது உலகத்தைச் சூடாக்குகிற வாயு என்று ஒரு நாள் சொன்னீங்களே? இந்தப் பத்திரிகையிலே கடல் மட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது என்று போட்டிருக்கிறது. தண்ணீர் ஏறினால் பாரம் கூடும். பாரம் கூடினால் வாயு வெளியே வராது. கோலியை இன்னும் இறுக்கி வைத்த மாதிரிதானே? அப்படியானால் கடல் ஏறுவதிலே ஒரு நன்மையும் இருக்கிறது என்று சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன், மூடிக் கொண்டேன். 'ஆமாம்' என்றும் பதில் சொல்லலாம், 'இல்லை' என்றும் சொல்லலாம் போலிருந்தது. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், அண்ணி" என்று தவணை வாங்கிக் கொண்டேன். இந்த வாரம் முழுவதும் அந்தத் தவணையைத் தீர்ப்பதிலேயே கழிந்தது. தெரிந்துகொண்டதை அண்ணிக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

* * *

முதலில் கலிபோர்னியாவுக்குப் போவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான்டா பார்பரா என்று ஓர் அழகான ஊர் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலே 'கோல் ஆயில் பாயின்ட்' என்று ஒரு முனை. அங்கே கடற்கரையில் நடந்தால் காற்றில் தார் வாசனை வரும். காலில் கறுப்பாகத் தார் ஒட்டிக் கொள்ளும். படகில் கொஞ்ச தூரம் போனால், உலை கொதிக்கிற மாதிரி கடல் கொப்பளித்துக் கொண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இது நேற்று முளைத்த அதிசயம் அல்ல. அந்தக் கரையின் பூர்வ குடிகளான சூமாஷ் மக்கள் அந்தத் தாரை எடுத்துப் பலகைகளின் இடுக்கில் பூசித்தான் தங்கள் படகுகளைக் கட்டினார்கள். பூமிக்குள் இருக்கும் எண்ணெயும் வாயுவும் பாறை வெடிப்புகளின் வழியாகக் கசிந்து கடல் தரைக்கு வந்து சேர்கின்றன. 1990-களில் கணக்கெடுத்தபோது, நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் வாயு அங்கே கசிவதாகத் தெரிந்தது. எடைக் கணக்கில் பார்த்தால், நம் வீட்டுக்கு வருகிறதே 14.2 கிலோ சிலிண்டர், அது போல நாலாயிரத்துக்குக் குறையாது. ஒவ்வொரு நாளும்!

இந்த வாயுவில் பெரும்பகுதி மீதேன். நம் சமையல் சிலிண்டரில் வருவது வேறு ஜாதி. குழாய் மூலம் சில வீடுகளுக்கு வரும் காஸ்தான் மீதேன். தனியே எடுத்தால் அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆனால் குணம் பொல்லாதது. காற்றில் கலந்த முதல் இருபது வருஷங்களில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு அளவுக்கு உலகத்தைச் சூடாக்கும் வல்லமை அதற்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் சிதைந்துவிடுகிறது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

1982-ல் ஓர் எண்ணெய் நிறுவனம் இந்தக் கசிவை வீணாக்காமல் பிடிக்க ஒரு யுக்தி செய்தது. எஃகினால் இரண்டு பெரிய கூம்புக் கூடாரங்கள் செய்து, கசிவு அதிகமாக உள்ள இடத்தில், கிட்டத்தட்ட 67 மீட்டர் ஆழத்தில், கடல் தரைமேல் கவிழ்த்து வைத்தது. ஒவ்வொரு கூடாரமும் பக்கத்துக்கு நூறு அடி. கொழுக்கட்டைப் பாத்திரத்தின் மூடியில் நீராவி சேருவது போல, கூடாரத்துக்குள் சேரும் வாயு குழாய் வழியே கரைக்குப் போயிற்று.

வியாபாரத்துக்காக வைத்த கூடாரம், விஞ்ஞானத்துக்கு வந்த வரப்பிரசாதமாக அமைந்தது. திறந்த கடலில் குமிழியை எண்ண முடியாது. இங்கேயோ குழாயில் மீட்டர் இருக்கிறது! மணிக்கு மணி எவ்வளவு வாயு வந்தது என்று ஒன்பது மாதத்துக் கணக்கு கிடைத்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் போல்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்கைக் கடலின் ஏற்ற வற்றத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள்.

என்ன முடிவு? கடல் ஏறும்போது வாயு குறைகிறது. கடல் வற்றும்போது வாயு கூடுகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் ஏறினால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு குறைகிறது. தினமும் கடல் ஏறி இறங்க, கடல் தரையும் அந்தத் தாளத்துக்கு மூச்சு விட்டுக் கொண்டிருக்கிறது!

ஆக, அண்ணி சொன்னது தப்பில்லை. பாரம் கூடினால் வாயு அடங்கத்தான் செய்கிறது.

* * *

ஏன் அப்படி? பாரத்தின் கணக்கு சுலபம். பத்து மீட்டர் தண்ணீர் நின்றால் அதன் அமுக்கம், நம் தலைமேல் உள்ள காற்று மண்டலம் முழுவதும் அமுக்குவதற்குச் சமம். 67 மீட்டர் ஆழத்தில் இருப்பவனுக்கு ஏழெட்டுக் காற்று மண்டலங்களைச் சுமப்பது போல.

இனி, இடியாப்ப நாழியை நினைத்துக் கொள்ளுங்கள். எல்லாத் துளையும் ஒரே அளவாக இல்லை. சில பெரிது, சில மிகச் சிறிது என்று வைத்துக் கொள்வோம். மாவை அழுத்தினால் பெரிய துளைகளில் முதலில் வரும். சிறிய துளைகளில் வரவழைக்க இன்னும் பலமாக அழுத்த வேண்டும். இப்போது யாரோ அடியிலே உள்ளங்கையை வைத்து எதிர்த்து அழுத்தினால்? சிறிய துளைகள் நின்றுவிடும். பெரியவை மட்டும் வேலை செய்யும்.

கடல் தரையிலும் இதுதான் நடக்கிறது. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். கீழேயிருந்து வாயு தள்ளுகிறது. மேலேயிருந்து கடல் உள்ளங்கையை வைத்திருக்கிறது. வற்றத்தின்போது கை கொஞ்சம் தளர்கிறது. அதுவரை மூடிக் கிடந்த சிறு துளைகளும் திறந்து கொள்கின்றன. ஏற்றத்தின்போது அவை மறுபடி அடைபடுகின்றன.

67 மீட்டர் ஆழத்தில் இது நடப்பது பெரிதல்ல. ஆயிரம் மீட்டருக்குக் கீழே? அவ்வளவு ஆழத்தில், மேலே ஓரிரண்டு மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? யானை முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரிதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கனடா நாட்டின் வான்கூவர் தீவுக்கு அப்பால், ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், விஞ்ஞானிகள் கரையிலிருந்து கேபிள் இழுத்து ஒரு நிரந்தரக் காவல் நிலையமே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒலி அலையை அனுப்பிக் குமிழிகளைப் 'பார்க்கும்' கருவி இருக்கிறது. மிரியம் ரோமர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் அதன் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அந்த ஆழத்திலும், கடல் வற்றத் தொடங்கும் சமயம் பார்த்துத்தான் குமிழிகள் பெரும்பாலும் கிளம்புகின்றன.

வடதுருவத்துக்கு அருகே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, நார்வே, பிரான்சு விஞ்ஞானிகள் கடல் தரை மண்ணில் அமுக்கமானியைச் செருகி, நான்கு நாட்கள் விடாமல் அளந்து, 2020-ல் முடிவைச் சொன்னார்கள். அங்கே ஏற்ற வற்றத்துக்குள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு மாறுதலையும் மண்ணுக்குள் இருந்த வாயு உணர்ந்து நடந்து கொண்டது.

காரணம் இதுதான். வாயு, தளும்பத் தளும்ப நிரம்பிய குடம் மாதிரி, வெளியேறும் தறுவாயில் காத்திருக்கிறது. அந்த நிலையில் மொத்த பாரம் எவ்வளவு என்பது முக்கியமல்ல. கடைசியாக ஏறிய அல்லது இறங்கிய அந்தச் சிட்டிகைதான் முக்கியம்.

இதிலே இன்னொரு பாடமும் இருக்கிறது. கப்பலில் போய், ஒரு மணி நேரம் நின்று, "இங்கே இவ்வளவு வாயு வருகிறது" என்று குறித்துக் கொண்டு திரும்பினால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கோயிலுக்குப் போய், "இங்கே கூட்டமே இல்லை" என்று எழுதிக் கொண்டு வருவது போல ஆகும். ஏற்றத்தின்போது அளந்தால் குறைவு. வற்றத்தின்போது அளந்தால் அதிகம். காத்திருந்து, இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை கிடைக்கும்.

* * *

ஏற்ற வற்றம் ஒரு நாள் கூத்து. கடல் மட்டமே ஒரேயடியாக இறங்கினால் என்ன நடக்கும்?

அதுவும் நடந்திருக்கிறது. சுமார் இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பு, பூமியின் தண்ணீரில் ஏராளமானது வடக்கே மலை மலையாய்ப் பனியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பன்னிரண்டு காற்று மண்டலங்களின் பாரத்தைக் கடல் தரைமேலிருந்து தூக்கி எடுத்த மாதிரி!

இங்கே ஒரு புதிய பாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். ஆழ்கடலில், குளிரும் அமுக்கமும் ஒன்று சேரும் இடத்தில், மீதேனும் தண்ணீரும் கூடி ஒரு வகைப் பனிக்கட்டியாக உறைந்துவிடுகின்றன. கையில் எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டி எரியும். ஒரு கன மீட்டர் கட்டிக்குள் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கிக் கிடக்கும். தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். நம் வங்காள விரிகுடாவில், ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-ல் துளையிட்டுப் பார்த்தபோது, நூறு மீட்டருக்கு மேல் தடித்த அடுக்கில் இந்தக் கட்டி அகப்பட்டது.

இந்தக் கட்டிக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று சூடு. மற்றொன்று பாரம் குறைவது. இரண்டில் எது வந்தாலும் கட்டி கரையும், வாயு விடுதலையாகும்.

1991-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் ஒரு சுவாரஸ்யமான யோசனையைச் சொன்னார்கள். பனி யுகத்தில் கடல் இறங்குகிறது, பாரம் குறைகிறது, எரியும் பனிக்கட்டி கரைந்து மீதேன் கிளம்புகிறது, உலகம் சூடாகிறது, பனி யுகமே முடிந்து போகிறது. எவ்வளவு அழகான கதை! பனி தன் முடிவைத் தானே தேடிக் கொள்கிறது. 2003-ல் ஜேம்ஸ் கென்னட் என்பவரும் மற்றவர்களும், கடல் நீர் சூடேறிய போதெல்லாம் இந்தக் கட்டிகள் துப்பாக்கி வெடித்தது போல வாயுவைக் கக்கியிருக்கும் என்று ஒரு புத்தகமே எழுதினார்கள்.

அழகாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? அந்தக் காலத்துக் காற்று, அண்டார்க்டிகாப் பனிக்குள் சின்னஞ்சிறு குமிழிகளாகச் சிறைப்பட்டு இன்றும் இருக்கிறது. அந்தப் பனியை உருக்கி, உள்ளே இருந்த மீதேனின் வயதை ஆராய்ந்தார்கள். கடலடிக் கட்டியிலிருந்து வந்த மீதேன் மிகப் பழையது. சதுப்பு நிலத்தில் அன்றன்று பிறந்தது இளசு. பதினோராயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன் உலகம் திடீரென்று சூடேறியபோது காற்றில் கலந்த மீதேனில் பழையதின் பங்கு மிகச் சொற்பம் என்று 2017-ல் முடிவு வந்தது. பெரிய பங்கு இளசுதான்.

அப்படியானால் கட்டிகள் கரையவே இல்லையா? கரைந்திருக்கலாம். ஆனால் ஆழத்தில் கரைந்த வாயு காற்றுக்கு வந்து சேருவது லேசான காரியம் அல்ல. கடல் மண்ணிலேயே மீதேனைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் காவல் இருக்கின்றன. அவற்றுக்குத் தப்பி மேலே கிளம்பும் குமிழியும், நூறு மீட்டருக்கு மேல் பயணம் செய்வதற்குள் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்துவிடும். கலிபோர்னியாவில் ஆழம் குறைவு. அதனால்தான் அங்கே வாயு தப்பித்து ஊருக்கு வருகிறது.

* * *

இனி ஒரு துப்பறியும் கதை.

2008-ல், மேலே சொன்ன ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஓர் ஆராய்ச்சிக் கப்பல் போயிற்று. 150 மீட்டரிலிருந்து 400 மீட்டர் வரை ஆழமுள்ள சரிவில் 250-க்கும் மேற்பட்ட இடங்களில் குமிழிகள் தூண் தூணாக எழும்பிக் கொண்டிருந்தன. அந்த இடத்தில் கடல் நீர் முப்பது வருஷத்தில் ஒரு டிகிரி சூடேறியிருந்தது. எரியும் பனிக்கட்டி உறைந்திருக்கக்கூடிய எல்லை எதுவோ, அதை ஒட்டித்தான் குமிழிகளும் வந்தன. வேறு சாட்சியம் வேண்டுமா? "குற்றவாளி சூடுதான்" என்று எல்லோருக்கும் தோன்றியது. உலகமே கலவரப்பட்டது.

பிறகு கடல் தரையிலிருந்து பாறைத் துண்டுகளை எடுத்து வந்தார்கள். மீதேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் இடத்தில் சுண்ணாம்புப் பாறை படியும். அந்தப் பாறையின் வயதைக் கண்டுபிடித்தால், கசிவின் வயது தெரியும். பார்த்தார்கள். மூவாயிரம் வருஷம்! முப்பது வருஷத்துச் சூடு மூவாயிரம் வருஷத்துக் கசிவை எப்படித் தொடங்கியிருக்க முடியும்? 2014-ல் வந்த இந்தச் செய்தியோடு வழக்கு தலைகீழாகியது.

2016-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கடல் தரையையே துளையிட்டார்கள். அங்கே எரியும் பனிக்கட்டி அகப்படவில்லை. ஆனால் மண் துளைகளில் இருந்த தண்ணீரில் உப்புக் குறைவாக இருந்தது. அது ஒரு பெரிய தடயம். கட்டி உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். கரையும்போது நல்ல தண்ணீராகக் கரையும். ஆகவே அங்கே ஒரு காலத்தில் கட்டி இருந்தது, கரைந்து போயிற்று. எப்போது? கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எண்ணாயிரம் வருஷங்களுக்கு முன் கரையத் தொடங்கியது என்று தெரிந்தது.

அப்போது கரைத்தது யார்? பஞ்சு மெத்தையில் ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும்? அமுங்கிய இடம் மெள்ள மெள்ள மேலெழும்பும். பனி யுகத்தில் ஸ்வால்பார்டின் மேல் பெரும் பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அது உருகிப் போனதும் அமுங்கிக் கிடந்த பூமி எழும்பத் தொடங்கியது. உலகமெங்கும் கடல் ஏறிக் கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே கடல் ஏறியதைவிட வேகமாகத் தரை ஏறியது. விளைவு? உலகமெங்கும் கடல் உயர்ந்து கொண்டிருந்தபோது அந்த ஒரு மூலையில் கடல் ஆழம் குறைந்தது! பாரம் குறைந்தது, கட்டி கரைந்தது. 2018-ல் வெளியான தீர்ப்பு இது.

தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. இன்றைக்கு அங்கே வரும் வாயு, கரைந்த கட்டியிலிருந்து மட்டும் வந்திருக்க முடியாத அளவு அதிகம். அது இன்னும் ஆழத்திலிருந்து வருகிறது. கட்டி அதற்கு மூடியாக இருந்திருக்கிறது. நம் சோடா பாட்டிலின் கோலி மாதிரி!

* * *

சரி, அண்ணியின் கேள்விக்கு வருவோம். கடல் ஏறினால் கோலி இறுகுமா?

கணக்குப் பார்ப்போம். 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் ஏறியது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஒரு சாண் அளவு. கலிபோர்னியாக் கூடாரத்தின் கணக்கில், ஒரு மீட்டருக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால், ஒரு சாணுக்கு அரைப் பங்குகூட இல்லை. கடல் ஒரு நாளைக்கு ஏறி இறங்குவது அதைவிடப் பன்மடங்கு. நூறு ரூபாய்க் கடனில் நாற்பது காசு தள்ளுபடி!

அந்த நாற்பது காசையும் சந்தோஷமாக வாங்கிக் கொள்ள முடியாது. கடல் ஏன் ஏறுகிறது? தண்ணீர் சூடேறிப் பெருகுவதாலும், நிலத்திலுள்ள பனி உருகி வந்து சேருவதாலும்தான். மூடிமேல் ஒரு சிட்டிகை பாரம் வைக்கும் அதே கை, அடியிலே அடுப்பையும் மூட்டிக் கொண்டிருக்கிறது. மூடியின் பாரத்துக்குச் சந்தோஷப்பட்டு, அடுப்பை மறந்துவிடலாமா?

இன்னொன்றும் உண்டு. கடல் ஏறுவது எல்லா இடத்திலும் மூடியாக அமைவதில்லை. சைபீரியாவுக்கு வடக்கே, கடல் தாழ்ந்திருந்த காலத்தில் வெறும் நிலமாக இருந்த பரந்த சமவெளி, கடுங்குளிர்க் காற்றில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு உறைந்து கிடந்தது. பிறகு கடல் ஏறி வந்து அதை மூழ்கடித்தது. நமக்குத்தான் அந்தக் கடல் ஜில்லென்று விறைக்கும். அந்த நிலத்துக்கோ, துருவக் காற்றோடு ஒப்பிட்டால், கம்பளி போர்த்திய மாதிரி! அந்தக் கம்பளிக்கு அடியில் உறைந்த மண் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மெள்ள இளகிக் கொண்டே வருகிறது. ஏறிய கடல் அங்கே மூடியாகவும் இருக்கிறது, கணப்புச் சட்டியாகவும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊஞ்சலில் அண்ணி, தரையில் மருமான் மருமகள் கூட்டம், கையில் சோடா சகிதம் நான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ, கடலைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க" என்றார்.

"ஆழ்கடல் நாளைக்கே வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அண்ணி. கடல் ஏறி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். காற்றிலே இன்றைக்கு மீதேன் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வருஷா வருஷம் காற்றில் சேருவதில் பாதிக்கு மேல் மனிதர்களால் வருவது. நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, ஓட்டைக் குழாய், குப்பை மேடு, கால்நடை, நெல் வயல், இவைதான் பெரிய துளைகள். கடல் தரையின் துளைகளை அடைக்க நமக்குக் கை எட்டாது. இவற்றிலே பலவற்றுக்குக் கை எட்டும்" என்றேன்.

அண்ணி எழுந்து சமையல் உள்ளுக்குப் போனார். காஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தார். ரெகுலேட்டரையும் மூடினார். போகிற போக்கில், மிச்சம் மீதி சாப்பாட்டையும் காய்கறித் தோலையும் வேறு குப்பையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன?" என்றார் அண்ணன்.

"ஒன்றுமில்லை. அதைத் தனியாக எடுத்து மாடித் தொட்டியிலே எருவுக்குப் போடுங்க. நம் வீட்டுத் துளையை நாமே அடைப்போம்" என்றார் அண்ணி.

அண்ணன் என்னை முறைத்தார். நான் அவசரமாக இரண்டாவது சோடாவை உடைத்தேன்.